டெயில் லைட் உடைஞ்ச கதை

அப்பாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் எங்க வீட்டு ஷெட்ல பல வருஷமா நிக்குது. 1961-லேர்ந்து சென்னையில தயாரான கார். மூலம் இங்கிலாந்தோட ட்ரையம்ப் ஹெரால்ட். அங்கே பக்கத்துக்கு ஒரு கதவுதான். நாலு கதவு மாடல் நம்ம ஊர்ல மட்டும் வந்தது. கம்பெனி மூடி ரொம்ப நாளாச்சு. அதனால ஸ்பேர் வேணும்னா கடையைவிட ஆளைத் தேடறதுதான் சரி.

அப்படிக் கிடைச்சவர்தான் கோவை மாமா. சொந்தம் இல்ல, அவரும் ஒரு ஹெரால்ட் வெச்சிருக்கார், அவ்வளவுதான். எங்களுக்கு கார்புரேட்டர் தேவை, அவருக்கு டெயில் லைட் கிளாஸ் (பிளாஸ்டிக்தான், ஆனா எல்லாரும் கிளாஸ்னுதான் சொல்வோம்). எங்ககிட்ட ஒண்ணு உபரியா இருந்தது. ரெண்டு பக்கமும் காசுப் பேச்சே எடுக்கல. பேக் பண்ற வேலை என் தலையில விழுந்தது. பேப்பர்ல ஒரு சுத்து சுத்தி, அட்டைப் பெட்டியில போட்டு, மேல ‘உடையும் பொருள்’னு எழுதி பார்சல் ஆபீஸ்ல கொடுத்துட்டேன். கோவையில மூணு துண்டா இறங்குச்சு. “பரவால்ல தம்பி, ஒட்டிக்கலாம்”னார். அன்னிக்கு அப்பா என்கிட்ட பேசவே இல்ல.

மேல என்ன எழுதினாலும் பெட்டி விழும். விழும்னு வெச்சுக்கிட்டுத்தான் பேக் பண்ணணும். எல்லாம் ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ்தான். 1 மீட்டர் உயரத்துலேர்ந்து விழுற பொருள் தரையைத் தொடும்போது வேகம் நொடிக்குச் சுமார் 4.4 மீட்டர். அது 2 மில்லிமீட்டருக்குள்ள நின்னா, பொருள் மேல வர்ற எதிர்முடுக்கம் சராசரியா 500 ஜி. 4 சென்டிமீட்டர் நசுங்குற மெத்தையில நின்னா வெறும் 25 ஜி. மெத்தை அதைவிடத் தடிமனாவும் இருக்கணும், நசுங்கற மாதிரியும் இருக்கணும். லேசான பொருளுக்கு கெட்டியான தெர்மாகோல் வெச்சா அது நசுங்கவே நசுங்காது. சுவத்துல மோதின மாதிரிதான்.

நாலு நாள் கழிச்சு மாமாவோட கார்புரேட்டர் வந்தது. பிரிக்கவே அரை மணி நேரம். பெட்ரோலைச் சுத்தமா வடிச்சு உலர்த்தியிருந்தார். பெட்ரோல் மிச்சம் இருக்கற பொருளை பார்சல்ல அனுப்பவே கூடாது. எல்லா ஓட்டைக்கும் டேப். நீட்டிக்கிட்டிருக்கற திராட்டில் லீவரை அசையாம கட்டியிருந்தார். ஜெட், ஸ்க்ரூ எல்லாம் தனி கவர்ல, பாடியோட சேர்த்துக் கட்டினது. பெட்டிக்குள்ள இன்னொரு பெட்டி, நடுவுல சுத்தியும் ஃபோம். ஆட்டிப் பார்த்தா ஒரு சத்தம் இல்ல. உள்ளேயும் ஒரு முகவரிச் சீட்டு, வெளி லேபிள் கிழிஞ்சா உதவும்னு. அந்தச் சீட்டுக்குப் பின்னால, “பிரிக்கும்போது ஒவ்வொரு லேயரையும் போட்டோ எடுத்து வெச்சுக்கோ தம்பி”ன்னு எழுதியிருந்தார். திட்டறதுக்குப் பதிலா இதுதான்!

பெரிய சாமான்களும் அவர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான். சிலிண்டர் ஹெட்னா அடி முகத்துல ஆயில் தடவி, பிளைவுட் வெச்சு போல்ட் போட்டு, மரப்பெட்டியில வைக்கணும். விண்ட்ஷீல்டைப் படுக்க வைக்கவே கூடாது, நிக்க வெச்சுத்தான் அனுப்பணும். பெயிண்ட் அடிச்ச பாகத்துல நேரா பபுள் ரேப் சுத்தினா வெயில்ல அச்சு விழும். முதல்ல மெத்துனு ஒரு துணி.

அவர் வண்டி இன்னும் ஒட்டின கிளாஸோடதான் ஓடுது. புதுப்பேட்டையில ரெண்டு தடவை தேடிட்டேன், கிடைக்கல. உங்க தாத்தா ஷெட்ல ஹெரால்ட் ஏதாவது கிடந்தா சொல்லுங்க. பேக்கிங் நான் பார்த்துக்கறேன்.