காந்திஜி கேட்ட பாட்டு

தலைநகரில் தீஸ் ஜனவரி மார்க் வழியாக ஆபீசுக்குப் போய் வரும் தமிழர்கள் பலர். காந்தி ஸ்மிருதி என்று அங்கே நிற்கும் மாளிகைதான் அந்நாளைய பிர்லா மாளிகை. காந்தியடிகள் தமது கடைசி மாதங்களைக் கழித்ததும், 1948 ஜனவரி 30-ஆம் தேதி சுடப்பட்டு வீழ்ந்ததும் அங்கேதான். அந்த மாளிகையின் கதையில் மதுரைப் பெண்மணி ஒருவரின் குரலும் கலந்திருக்கிறது.

1947-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். சுதந்திரம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டில்லியில் கலவரத் தீ அணையவில்லை. எங்கு பார்த்தாலும் அகதிகள் கூட்டம். அந்த வேதனைக்கு நடுவே வந்த தமது பிறந்த நாளையொட்டி, 'ஹரி தும் ஹரோ' என்னும் மீரா பஜனை எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிக் கேட்க வேண்டும் என்று காந்திஜி விரும்பினார். செய்தி சென்னைக்குப் போயிற்று.

தயங்கிய பாடகி

அந்தப் பஜனை எம்.எஸ். அதற்கு முன் பாடியதில்லை. 'பழக்கமில்லாத பாட்டு, வேறு யாராவது நன்கு தெரிந்தவர்கள் பாடட்டும்' என்று கணவர் சதாசிவம் பணிவாகத் தெரிவித்தார். மற்றவர் பாடிக் கேட்பதைவிட, சுப்புலட்சுமி அதை வெறுமனே சொன்னாலும் போதும் என்று டில்லியிலிருந்து பதில் வந்தது!

அப்புறம் ஏது தயக்கம்? இரவோடு இரவாகச் சென்னை வானொலி நிலையத்தில் பாட்டு பதிவாயிற்று. விமானத்தில் டில்லி வந்து, பிறந்த நாளுக்குள் காந்திஜியின் காதில் விழுந்தது.

நாலு மாதம் சென்றது. காந்திஜி மறைந்த செய்தியைச் சொன்ன வானொலி, உடனே அதே பாட்டை ஒலிபரப்பியது. வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த எம்.எஸ். மயங்கி விழுந்தார்.

சண்முகவடிவின் மகள்

1916 செப்டம்பர் 16-ஆம் தேதி மதுரையில் பிறந்தவர் எம்.எஸ். தாயார் சண்முகவடிவு வீணைக் கலைஞர். குடும்பம் எளியது, மகளுக்குப் பள்ளிப் படிப்பும் அதிகமில்லை. பத்து வயதிலேயே இசைத்தட்டில் பாடினார். 1940-இல் சதாசிவத்தை மணந்தார்.

1945-இல் தமிழில் வந்த 'மீரா' படம் 1947-இல் ஹிந்தியிலும் வந்தது. ஹிந்திப் படத்தில் எம்.எஸ்ஸை வடநாட்டாருக்கு அறிமுகம் செய்து வைத்தவர் சரோஜினி நாயுடு. எந்த மொழிப் பாட்டானாலும், சொல்லுக்குப் பொருள் கேட்டு, உச்சரிப்பைத் திருத்திக்கொண்ட பிறகே மேடையேற்றுவது எம்.எஸ்ஸின் வழக்கம். 'மதராசி' என்று கேலி பேசும் வாய்களும் அவர் பாட்டில் குறை காண முடியவில்லை.

பணம் போன இடம்

1944-இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகக் கச்சேரிகள் செய்தது முதல், அவர் பாடிச் சேர்த்த பணம் மருத்துவமனை, பள்ளி, கோயில் என்று பொதுக் காரியங்களுக்கே போயிற்று. வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டின் வருமானம் திருப்பதி தேவஸ்தானத்தைச் சேர்ந்தது. 1974-இல் மகசேசே விருது கிடைத்தபோது, அது பொதுத் தொண்டுக்கான விருதாகவே அளிக்கப்பட்டது.

1966-இல் ஐ.நா. சபையில் பாடினார். 1954-இல் பத்மபூஷண், 1975-இல் பத்மவிபூஷண், 1998-இல் பாரத ரத்னா. இசைக் கலைஞர்களில் பாரத ரத்னா பெற்ற முதல்வர் அவரே. ஆனால் அதைப் பார்க்க சதாசிவம் இல்லை. 1997-இல் அவர் மறைந்த பின் எம்.எஸ். கச்சேரி மேடை ஏறவில்லை. 2004 டிசம்பர் 11-ஆம் தேதி சென்னையில் காலமானார்.

கரோல்பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் தமிழர் வீடுகளில் இன்றும் விடியற்காலையில் சுப்ரபாதம் ஒலிக்கிறது. இசைத்தட்டு போய் கேசட் வந்தது. கேசட் போய் கைபேசி வந்தது. அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைக்கும்போது கேட்கும் குரல் மட்டும் மாறவில்லை. பாஷை தெரியாத ஊரில் பிழைக்க வந்து, நாலு வார்த்தை ஹிந்தி பேசக் கூசி நிற்கும் புதியவருக்கு, அன்று தயங்கி நின்று பிறகு பாடிய அந்த மதுரைப் பெண்மணியின் கதையைச் சொல்லலாம்.