ஊசிமுனையும் உயிர்க்காப்பும்

செவிலியர் கல்வியிற் சேர்வோர் உடல்தகுதி உடையவராதல் வேண்டும் என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் விதி. ஆயினும், விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்திலோ திண்டிவனத்திலோ அரசு மருத்துவமனையில் நோயாளியை அணுகிப் பயில்வோர்க்கு அஃதொன்றே போதாது, தடுப்பூசியும் வேண்டும். ஏன்?

கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி, உடலுக்கு வெளியே 7 நாள் வரை அழியாதிருக்க வல்லது. நோயாளிக்குக் குத்திய ஊசி தவறிக் கையில் தைத்தால், காப்பற்றவர்க்கு அந்நோய் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை ஆகும்.

தடுப்பூசியின் காப்போ ஒரு நாளில் அமைவதன்று. முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவதும், ஆறாம் மாதத்தில் மூன்றாவதும் போடல் வேண்டும். பின்னர் இரண்டு மாதங்களுக்குள் இரத்தத்தைச் சோதித்துக் காப்பு அமைந்தமையைத் தெளிதலும் வேண்டும்.

ஆகவே, மாணவ மாணவியரே, பயிற்சி நாள் நெருங்கட்டும் எனக் காத்திராது, கல்லூரியிற் சேர்ந்தவுடன் முதல் ஊசியைப் போட்டுக்கொள்க. அச்சான்று வெறுங்காகிதமன்று, செவிலியர்க்கும் நோயாளிக்கும் ஒருங்கே இட்ட வேலி.