மூல நிரல் யார் கையில்? பிசிபோர்ட் மொழி விட்டுச்சென்ற கேள்வி

இணையம் வீடுகளுக்குள் நுழைவதற்கு முன்னர், அமெரிக்காவில் கணினி ஆர்வலர்கள் பலரையும் தொலைபேசிக் கம்பிகளே இணைத்தன. ஒருவர் தமது கணினியை மோடத்துடன் பூட்டி வைத்திருப்பார். ஏனையோர் அந்த எண்ணை அழைத்துச் செய்திகளை எழுதுவர், கோப்புகளைப் பெற்றுக்கொள்வர். புலட்டின் போர்ட் எனப்பட்ட இத்தகைய தகவல் பலகைகளில் முதலாவது, 1978 பெப்ரவரியில் சிகாகோவில் இயங்கத் தொடங்கியது.

இவற்றை நடத்த உதவிய வணிக மென்பொருட்களுள் முக்கியமானது, உடா மாநிலத்தின் கிளார்க் டெவலப்மென்ட் நிறுவனம் தயாரித்த பிசிபோர்ட். ஒவ்வொரு பலகையாளரும் தமது பலகை தனித்துத் தெரிய வேண்டும் என்று விரும்பினர். ஆனால் மென்பொருளின் மூல நிரலோ நிறுவனத்திடம் மட்டுமே இருந்தது. டபிள்யூ.டபிள்யூ.ஐ.வி. என்ற மற்றொரு மென்பொருள், பதிவுக் கட்டணம் செலுத்தியவர்களுக்கு மூல நிரலையே கொடுத்துவிட்டது. பிசிபோர்ட் தேர்ந்தெடுத்தது வேறு வழி. 1990களின் முற்பகுதியில் வெளியான அதன் 15ஆவது பதிப்பு, பி.பி.எல். என்ற நிரல் மொழியுடன் வந்தது.

பேசிக் மொழியை ஒத்த எளிய மொழி அது. பலகையாளர் எழுதும் நிரலை பி.பி.எல்.சி. என்ற கம்பைலர் பி.பி.இ. கோப்பாக மாற்றித் தரும். பிசிபோர்ட் திரையில் காட்டும் ஒரு வாசகத்துக்குப் பதிலாக ஆச்சரியக்குறியையும் அந்தக் கோப்பின் பெயரையும் எழுதிவிட்டால் போதும். அந்த இடத்தில் நிரல் இயங்கும். வரவேற்புத் திரை, வாக்கெடுப்பு, விளையாட்டு எனப் பலவற்றையும் பலகையாளர்கள் இவ்வாறு தாங்களே சேர்த்துக்கொண்டனர். அரசியல் மொழியில் சொல்வதானால், இது இறைமையை விட்டுக்கொடுக்காத அதிகாரப் பகிர்வு.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. பலர் பயன்படுத்தியவை பிறர் எழுதிய நிரல்களே. பி.பி.இ. கோப்பு மனிதர் படிக்கக்கூடியதன்று. ஆனால் அதனால் பயனர் பதிவேட்டைத் திறக்கவும், ஒருவரின் அனுமதி நிலையை உயர்த்தவும் முடியும். எழுதியவர் உள்ளே இரகசிய வழி ஒன்றை வைத்திருந்தாலும் நிறுவியவர் அதை எளிதில் அறிய இயலாது. பி.பி.இ. கோப்பைப் பிரித்து மூல நிரலை மீட்டெடுக்கும் கருவிகளைச் சிலர் உருவாக்கியதற்கு இந்த அச்சமும் ஒரு நியாயமாக அமைந்தது. பிறர் உழைப்பைத் திருடவும் அதே கருவிகள் பயன்படும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

இணையத்தின் பரவலால் பலகைகள் வெறிச்சோட, 1997இல் கிளார்க் நிறுவனம் திவாலானது. பயனர் பதிவேட்டில் ஆண்டை இரண்டே இலக்கங்களில் குறித்துவந்த பிசிபோர்ட், 2000ஆம் ஆண்டை நெருங்கியபோது அதைத் திருத்தித் தர நிறுவனம் இருக்கவில்லை. பலகையாளர்கள் தமது மூல நிரலைப் பத்திரப்படுத்தியிருந்தால் தாங்கள் எழுதிய பகுதிகளையேனும் திருத்திக்கொள்ள முடிந்தது. பி.பி.இ. கோப்பை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு எஞ்சியிருந்த வழி, ஒரு காலத்தில் சந்தேகத்துடன் பார்க்கப்பட்ட அந்தப் பிரிப்புக் கருவிகள்தான்.