காசியை விட ஒரு வீசம் கூடுதல்

ஒதியம்பட்டை அடுத்த திருக்காஞ்சியில், கங்கைவராக நதீசுவரர் கோயிலை ஒட்டி ஓடுகிறது சங்கராபரணி. செஞ்சியாறு, வராக நதி என்பவையும் இதன் பெயர்களே.

தந்தையின் அஸ்தியைச் சுமந்து வந்த மகன் ஒருவர் இக்கரையில் கலயத்தைத் திறந்தாராம். உள்ளே எலும்புகள் இல்லை, பூக்கள் மலர்ந்திருந்தன. அதனால் இவ்விடம் புண்ணியத்தில் காசியை விட ஒரு வீசம் உயர்ந்தது என்பது ஊர் நம்பிக்கை.

வீசம் என்பது பழந்தமிழ்க் கணக்கில் 1/16 பங்கு. புண்ணியத்தையும் நெல் அளப்பதுபோல் நுணுக்கமாக அளந்திருக்கிறார்கள் நம் முன்னோர்.

மாசிமகத்தன்று இங்கே மக்கள் திரண்டு நீராடுகிறார்கள். முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க ஆண்டு முழுவதும் வருகிறார்கள். இந்த நீரைத் தூய்மையாகக் காப்பதும் அந்த முன்னோருக்குச் செய்யும் கடனே.