காவல் நாய்க்கு வாயில்மணி பழக்கும் முறை

தோட்டங்களில் வீடு கட்டிக் குடியிருக்கும் குடியானவர்களுக்குக் காவல் நாய் இன்றியமையாத துணையாகும். இராஜபாளையம், கோம்பை ஆகிய நாட்டு ஜாதிகள் இவ்வேலைக்குப் பேர்பெற்றவை. ஆயினும் மழைக்கோ வெயிலுக்கோ ஒதுங்க வீட்டினுள் வர விரும்பும் நாய், அதைத் தெரிவிக்கக் கதவைப் பிறாண்டும், அல்லது குரைக்கும்.

பிறாண்டுவதால் கதவு கெடும். குரைப்பதால் வரும் கேடோ பெரிது. உள்ளே வருவதற்காக இரவில் பலமுறை குரைக்கும் நாயின் குரலை வீட்டார் நாளடைவில் பொருட்படுத்தமாட்டார்கள். பின்னர் ஆட்டுப்பட்டியில் நரி புகுந்தாலும், களத்து நெல்லில் கள்வன் கை வைத்தாலும், அக்குரல் கேட்டு எவரும் எழார். ஆதலால் குரைப்பைக் காவலுக்கென்றே ஒதுக்கி, உள்ளே வருவதற்கு வேறோர் அடையாளம் கற்பித்தல் அவசியம். சிறு வெண்கல மணி ஒன்று இதற்குப் போதும். அதன் ஓசை மாட்டுக் கழுத்துமணியின் ஓசையினின்று வேறுபட்டிருத்தல் நலம்.

ஒரு செய்கையை அடுத்து உடனே நற்பயன் கிடைப்பின், பிராணி அதனை மீண்டும் செய்யும். அமெரிக்க அறிஞர் தார்ண்டைக் என்பவர், பூனைகளும் நாய்களும் அடைத்த கூட்டைத் திறந்து வெளிவரப் பழகிய விதத்தை ஆராய்ந்து 1898-ஆம் ஆண்டில் வெளியிட்டார். கீழ்க்காணும் முறையும் அத்தத்துவத்தைப் பற்றியதே.

1. மணியைக் கையில் பிடித்து நாயின் முன் நீட்டுக. மூக்கால் தொட்ட அக்கணமே, வேகவைத்த முட்டையில் ஒரு சிறு துண்டு கொடுக்க வேண்டும். தாமதித்தால் எதற்காகக் கிடைத்ததென்று நாய் அறியாது. ஓசைக்கு அஞ்சினால், மணியின் நாக்கில் துணி சுற்றிச் சில நாள் பழக்கலாம். வேளைக்குப் பத்து முறையாக, நாளொன்றுக்கு இரு வேளை போதும்.

2. பின்பு மணியை வெளிப்புறம், நாயின் மூக்கு எட்டும் உயரத்தில், நிலைக்காலில் கட்டுக. கதவில் கட்டினால் கதவு அசையுந்தோறும் ஒலிக்கும். கயிறு நீண்டு தொங்கினால் நாயின் கால் சிக்கும்.

3. இனி ஒருவர் நாயுடன் வெளியே நிற்க, மற்றொருவர் உள்ளே இருத்தல் வேண்டும். மணி ஒலித்ததும் கதவைத் திறந்து, நாய் உள்ளே வந்தபின் தீனி தருக. நன்கு பழகியபின் தீனியைச் சிறிது சிறிதாக நிறுத்தலாம்; கதவு திறப்பதே அதற்குப் பரிசாகும்.

வீட்டார் அனைவரும் ஒரே விதியைக் கைக்கொள்ள வேண்டும். மணி ஒலித்தால் நாயை உள்ளே விடுக. குரைத்தால் விளக்குடன் வெளியே சென்று காரணம் பார்க்க வேண்டுமேயன்றி, நாயை உள்ளே விடலாகாது. ஒன்றும் இல்லையெனில், அது அமைதியுற்று மணியைத் தொடும்வரை காத்திருக்க வேண்டும். பலமுறை மறுத்து ஒருமுறை இணங்கினால், குரைத்துக் கேட்கும் பழக்கம் முன்னிலும் உறுதிப்படும். அடித்துப் பழக்குதல் கூடாது. அடிபட்ட நாய் மணியையும் வாயிலையும் கண்டு அஞ்சும்.

நிற்க, வீட்டினுள் வரும் நாய் குழந்தைகளோடு நெருங்கிப் பழகுவதாகும். ஆகையால் அதற்கு மூன்று மாத வயதில் கால்நடை மருத்துவரிடம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அவர் சொல்லும் தவணைப்படி மீண்டும் தவறாது போட்டு வருதல் வேண்டும்.

இவ்வாறு பழக்கிய வீட்டில், இரவில் நாய் குரைத்தால் அதற்குத் தக்க காரணம் உண்டென நம்பி எழலாம். காவல் நாய் வைத்திருப்பதன் முழுப் பலனும் அதுவே.