மாறத் தெரிந்த துறைமுகம்

பணம் இருக்கும் எந்த நிறுவனமும் புதிய இயந்திரம் வாங்கிவிடலாம். அதற்கேற்ப வேலை முறையையும் பொறுப்புகளையும் மாற்றிக்கொள்வதுதான் கடினம். இந்த மாறும் திறன் இருந்தால்தான் இயந்திரம் புத்தாக்கமாகும், புத்தாக்கம் வருமானமாகும். மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தின் வரலாறு இதற்குச் சான்று.

1986-இல் இங்குள்ள கொள்கலன் முனையம் தனியார்மயமானது. மலேசியத் தனியார்மயக் கொள்கையின் தொடக்க முயற்சிகளுள் இதுவும் ஒன்று. ஐந்தாண்டுகளுக்கு ஆட்குறைப்பு இல்லை என்பது அக்கொள்கை தொழிலாளர்களுக்குத் தந்த உறுதி. வேலை போய்விடும் என்ற அச்சம் இருக்கும் இடத்தில் யாரும் புதிய முறையை மனமொப்பிக் கற்க மாட்டார்கள். அந்த வகையில் இந்த உறுதியும் மாற்றத்துக்கான முதலீடே.

1994-இல் இத்துறைமுகத்தின் ஒரு பகுதியாகப் புலாவ் இண்டா தீவில் வெஸ்ட்போர்ட்ஸ் முனையம் உருவானது. அதைக் கட்டியெழுப்பிய டான்ஸ்ரீ ஞானலிங்கம் அதற்கு முன் சிகரெட் நிறுவனமொன்றில் சந்தைப்படுத்தல் துறையில் இருந்தவர். கப்பல் நிறுவனங்களைத் தேடிப்போய்ச் சேவையை விற்பதில் அந்த அனுபவம் கைகொடுத்தது.

துறைமுகத்தில் வேகம் என்பது ஒத்திசைவு. கப்பலிலிருந்து கிரேன் பெட்டியை இறக்கும் நொடியில் கீழே லாரி தயாராக நிற்க வேண்டும். லாரி போய்ச் சேரும் இடத்தில் அடுக்கும் கிரேன் காலியாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று பிந்தினாலும் கப்பல் காத்துக்கிடக்கும். அந்த நேரம் கப்பல்காரருக்கு நட்டம். 2012-இல் ஒரே கப்பலில் ஒரு மணி நேரத்தில் 793 கொள்கலன்களைக் கையாண்டு வெஸ்ட்போர்ட்ஸ் உலகச் சாதனை படைத்தது. ஓட்டுநர், கிரேன் இயக்குநர், திட்டமிடுவோர் என எல்லோரும் ஒரே தாளத்தில் இயங்கியதன் பலன் அது.

மாற்றம் வெளியிலிருந்தும் வரும். 2017-இல் கப்பல் நிறுவனங்களின் கூட்டணிகள் மாறி, சரக்கில் ஒரு பகுதி சிங்கப்பூருக்குப் போனது. வெஸ்ட்போர்ட்ஸ் கையாண்ட அளவு, 20 அடிப் பெட்டிக் கணக்கில், முந்தைய ஆண்டின் 99 லட்சத்திலிருந்து 90 லட்சமாகச் சரிந்தது. பிறகு உள்நாட்டு ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்கின் பங்கு கூடியது. 2023-இல் மொத்த அளவு 1 கோடியே 8 லட்சத்தைத் தாண்டியது. ஒரே வகை வாடிக்கையாளரை நம்பியிராத நிறுவனம் அடியைத் தாங்குகிறது.

ஆனால் மாற்றத்துக்குச் செலவு முன்னே வரும். பலன் பல ஆண்டுகள் கழித்தே தெரியும். வெஸ்ட்போர்ட்ஸில் ஆண்டுக்கு 1.4 கோடிப் பெட்டிகளைக் கையாளும் வசதியை 2.7 கோடியாக உயர்த்தும் விரிவாக்கம் இப்போது நடக்கிறது. புதிய தளங்களுக்குச் சரக்கு தேடுவதும் ஆட்களைப் பழக்குவதும் கட்டுமானத்தோடு சேர்ந்தே நடந்தால்தான் அந்த முதலீடு தேறும்.