எச்.ஐ.வி. தொற்றில் மூளை பாதிப்பும் நோய் எதிர்ப்பாற்றலின் பங்கும்: தூத்துக்குடிக் கடற்கரையை முன்வைத்து

துறைமுகம், உப்பளம், மீன்பிடி ஆகிய தொழில்களைச் சார்ந்து வாழும் தூத்துக்குடி மாவட்டத்தில், எச்.ஐ.வி. தொற்றாளர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்தில் கூட்டு மருந்துச் சிகிச்சை பெறுகின்றனர். இத்தகைய மையங்களில் தவறாது கேட்கப்படும் கேள்வி, மாத்திரை விடாமல் உட்கொள்ளப்படுகிறதா என்பதே. “மறந்துவிட்டேன்” என்னும் விடை பெரும்பாலும் அலட்சியமாகக் கொள்ளப்படுகிறது. அம்மறதி நோயின் அறிகுறியாகவே இருக்கக்கூடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எச்.ஐ.வி. நரம்பணுக்களுக்குள் பெருகுவதில்லை. இரத்தத்திலுள்ள மோனோசைட் என்னும் வெள்ளணுக்கள் வைரஸைச் சுமந்துகொண்டு இரத்த-மூளைத் தடுப்பைக் கடக்கின்றன. மூளையில் அவை மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கணுக்களாக மாறுகின்றன. மூளைக்கே உரிய காவலணுக்களான மைக்ரோகிளியாவும் தொற்றுக்கு உள்ளாகின்றன. தூண்டப்பட்ட இவ்வணுக்கள் அழற்சிப் புரதங்களையும் குயினோலினிக் அமிலம் போன்ற நச்சுப் பொருள்களையும் சுரக்கின்றன. நரம்பணுக்களின் கிளைகளும் இணைப்புகளும் இவற்றால் சிதைகின்றன. ஆகவே, சேதத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் வைரஸை அடக்க எழும் எதிர்ப்பாற்றலின் ஓயாத கிளர்ச்சியே. தூண்டப்பட்ட விழுங்கணுக்கள் வெளியிடும் நியோப்டெரின் என்னும் பொருள் மூளைத் தண்டுவட நீரில் மிகுந்திருப்பது இதற்குச் சான்றாகும். சிகிச்சையால் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்த பின்னரும் பலரிடம் இம்மிகுதி ஓரளவு நீடிக்கிறது. மைக்ரோகிளியா நெடுநாள் வாழ்பவை என்பதால் அவற்றுள் ஒளிந்த வைரஸும் எளிதில் அகல்வதில்லை. சிடி4 அணுக்கள் மிகவும் குறைந்த நிலைக்குச் சென்று மீண்டவர்களுக்கு அறிவாற்றல் குறைபாட்டின் வாய்ப்பு அதிகம்.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலில் 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன், டாக்டர் நிர்மலா ஆகியோரின் முயற்சியால் கண்டறியப்பட்டது. இங்கே பெருமளவில் பரவியிருப்பது ‘சி’ வகை; மேலைநாடுகளில் மிகுதியாக ஆராயப்பட்டது ‘பி’ வகை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 2000-இல் வெளியிட்ட தொகுப்பில் எச்.ஐ.வி.-சார் மறதிநோய் மிக அரிதாகவே காணப்பட்டது. 2004-இல் உதயகுமார் ரங்கா குழுவினர் இதற்கு ஒரு மூலக்கூற்று விளக்கத்திற்கு வழிகோலினர். வைரஸின் ‘டாட்’ புரதத்தில் 30, 31-ஆம் இடங்களில் அடுத்தடுத்து அமைந்த இரு சிஸ்டீன்கள் மோனோசைட்டுகளை ஈர்க்கின்றன. ‘சி’ வகையில் 31-ஆம் இடத்தில் பெரும்பாலும் செரின் இருப்பதால் அவ்வீர்ப்பு குன்றுகிறது. 2008-இல் வெளியான எலிச் சோதனையிலும் ‘சி’ வகை குறைவான பாதிப்பையே ஏற்படுத்தியது.

அழகான விளக்கந்தான். ஆனால் ‘இந்திய வைரஸ் மூளையை அவ்வளவாகத் தாக்காது’ என்னும் ஆறுதலை அது தரவில்லை. சென்னையில் 2006-இலும் பெங்களூரில் 2007-இலும் வெளியான நரம்பு-உளவியல் ஆய்வுகளில், சோதிக்கப்பட்ட தொற்றாளர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் குறைபாடு வெளிப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் செரின் உடையோருக்கும் இல்லாதோருக்கும் அறிவாற்றலில் வேறுபாடு காணப்படவில்லை என 2014-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. முற்பட்ட தொகுப்புகளில் மறதிநோய் அரிதாகத் தோன்றியதற்கு வேறு காரணமும் உண்டு. இலவச ஏ.ஆர்.டி. 2004 ஏப்ரலில்தான் தொடங்கியது. அதற்குமுன் காசநோய் மூளையுறை அழற்சியும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைத் தொற்றும் பலரைக் கொண்டுசென்றன. மெல்லப் படரும் குறைபாடு வெளிப்பட அவர்களுக்கு ஆயுள் வாய்க்கவில்லை. லேசான குறைபாட்டைத் தேடுவாரும் அன்று குறைவு.

இன்று தேடுவதற்கு எளிய வழி உண்டு. 2005-இல் அறிமுகமான பன்னாட்டு எச்.ஐ.வி. மறதிநோய் அளவுகோல் எழுத்தறிவை வேண்டுவதில்லை. நான்கு சொற்களைக் கூறி நினைவில் வைக்கச் சொல்ல வேண்டும். பின்னர் விரல்களை விரைந்து தட்டச் செய்து, கையை மூன்று நிலைகளில் மாற்றச் செய்து, அச்சொற்களைத் திரும்பக் கேட்க வேண்டும். மொத்தம் 12 மதிப்பெண். 10 அல்லது அதற்குக் கீழ் வந்தால் மேற்பரிசோதனை தேவை. மூலத்திலுள்ள ‘தொப்பி’ போன்ற சொற்களுக்கு ஈடாக இப்பகுதி மக்கள் நாளும் புழங்கும் சொற்களைத் தெரிவது பொருத்தம்.

இக்கடற்கரையில் மதிப்பெண்ணைப் பொருள்கொள்வதில் தனிக் கவனம் வேண்டும். முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டாலும் சங்குக்குளிப்பு தொடர்கிறது. ஆழ்கடல் மூழ்குதலில் ஏற்படும் அழுத்த மாற்றமும் நரம்பு மண்டலத்தைத் தாக்கவல்லது. மதுப்பழக்கம், மனச்சோர்வு, முன்பு பரவலாக வழங்கப்பட்ட எஃபாவிரென்ஸ் மருந்தின் பக்கவிளைவு ஆகியவையும் மதிப்பெண்ணைக் குறைக்கலாம். எனவே இவ்வளவுகோல் நோயறுதி ஆகாது. கடிந்துகொள்வதற்கு முன் செய்யவேண்டிய விசாரணை மட்டுமே. குறைபாடு உறுதியானால் கண்டிப்பினால் பயனில்லை. நாள்வாரி மாத்திரைப் பெட்டி, தொற்றாளர் நம்பும் உறவினரின் நினைவூட்டல், வைரஸ் அளவுப் பரிசோதனை ஆகியவையே உதவும். மாத்திரை தவறினால் வைரஸ் மீண்டும் பெருகி, எதிர்ப்பாற்றலின் கிளர்ச்சியும் மூண்டு, மறதி மேலும் கூடும்.

பாரந்தூக்கி இயக்குவோருக்கும் கனரக ஊர்தி ஓட்டுவோருக்கும் கவனமும் கைவேகமும் பிழைப்போடு பிணைந்தவை. குறைந்த மதிப்பெண் வேலையைப் பறித்துவிடும் என்ற அச்சம் எழுந்தால் எவரும் சோதனைக்கு உடன்படமாட்டார். எச்.ஐ.வி. தொற்றாளர்களுக்கு எதிரான பாகுபாட்டை வேலைவாய்ப்பிலும் தடைசெய்யும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்புதலின்றித் தொற்றுநிலையை வெளியிடுவதையும் தடுக்கிறது. சோதனை முடிவுக்கும் அதே மறைகாப்பு உண்டு என்பதைத் தொற்றாளரிடம் முன்கூட்டியே சொல்வது ஆலோசகரின் முதற்பணியாகிறது.